கண்ணாடிக் கூரையின் கீழ் முற்றம்

மார்ச் 4, செவ்வாய்

பயணக் களைப்பு இன்றுதான் நீங்கியது. இனி ஒழுங்காக எழுத வேண்டும்.

மகள் கோமதி கூப்பிட்டு வந்திருக்கிறேன். "மூணு மாசம் இருந்துட்டுப் போங்கப்பா" என்றாள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு வாடகை என்று பாளையங்கோட்டை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அவள்தான். திரும்பிப் போனால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். புத்தகங்கள் நண்பர் செல்லையாவின் மச்சுவீட்டில் பத்திரமாக இருக்கின்றன.

மருமகன் அந்த்ரேஸ் ஸ்பெயின் தலைநகர் மத்ரீதில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை வருவார், ஞாயிறு மாலை போய்விடுவார். கோமு இங்கே அவருடைய அம்மாவோடு இருக்கிறாள். இப்போது நானும்.

மார்ச் 6, வியாழன்

வீட்டைப் பற்றி எழுதுவதென்றால் கதவிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்பெயினின் வடக்குப் பீடபூமியில், ஒரு சிறிய ஊரின் பழைய நகருக்கு நடுவே, தேவாலயத்தின் பின்தெருவில் இருக்கிறது. அந்த்ரேஸின் முன்னோர்கள் கட்டி நானூறு ஆண்டு ஆகிறதாம். தெருப்பக்கம் முழுவதும் செதுக்கிய கல். வாசலுக்கு மேலே குடும்பச் சின்னம்: ஒரு கோபுரம், இரண்டு ஓநாய்கள். ஓநாய்களின் மூக்கு தேய்ந்து இப்போது ஆட்டுக்குட்டிகள்போல் இருக்கின்றன.

கதவு இரண்டு ஆள் உயரம், உடம்பெல்லாம் குமிழ் ஆணி. அதைத் திறப்பதில்லை. அதிலேயே வெட்டிய சிறு கதவு வழியாகக் குனிந்து நுழைய வேண்டும். உள்ளே இருட்டு நடை. அது நேராகப் போகாமல் பக்கவாட்டில் திரும்புகிறது. தெருவில் நிற்பவர் கண்ணுக்கு முற்றம் படக்கூடாது என்று அப்படிக் கட்டினார்களாம். உள்ளே நிற்பவர் கண்ணுக்குத் தெருவும் படுவதில்லை.

திரும்பினால் முற்றம். நாலு பக்கமும் கல் தூண்கள்; தூண்களின்மேல் மாடிநடை; அதையொட்டி அறைகள். மேலே வானம் இல்லை, கண்ணாடிக் கூரை. அந்த்ரேஸின் கொள்ளுத்தாத்தா குளிருக்கு அஞ்சிப் போட்டது. வெளிச்சம் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இறங்குகிறது. நூறு வருடமாக இந்த முற்றத்தில் ஒரு சொட்டு மழை விழுந்ததில்லை என்று கோமு சொன்னாள்.

மாடியில் சம்பந்தியம்மா; பெயர் எல்விரா, இங்கே மரியாதைக்குத் தோன்யா எல்விரா. இடுப்பெலும்பு முறிந்தபின் படி இறங்குவதில்லை. பார்த்துக்கொள்ள வைத்த செவிலிப் பெண்கள் மூன்று பேரை விரட்டியிருக்கிறார்கள். எனக்கும் அவர்களிடம் கொஞ்சம் பயம்தான்.

மார்ச் 8, சனி

சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது. முற்றத்தின் தரை பதித்த குழாங்கற்கள், இடுக்கெல்லாம் புழுதி. விடிந்ததும் இரண்டு வாளி ஊற்றித் தேய்த்துவிட்டேன். வாசல் நனையாத வீட்டில் எனக்குக் காப்பி இறங்காது. மனைவி மரகதம் இருந்தவரை அவள் செய்தாள், அப்புறம் நான்.

வியப்பான விஷயம்: எவ்வளவு ஊற்றினாலும் நொடியில் உள்வாங்கிவிடுகிறது. எங்கும் தேங்கவில்லை. பழங்காலத்தவர்கள் வடிகால் அறிந்தவர்கள்.

மார்ச் 11, செவ்வாய்

நான் வாளியோடு நிற்கும்போது மாடிநடையில் சம்பந்தியம்மா வந்து கைத்தடியால் தரையை இடித்தார்கள். விரலை ஆட்டி ஏதோ கத்தினார்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோமு அடுக்களையிலிருந்து வந்தாள்.

"என்னம்மா சொல்லுதாவ?"

"காலைல சத்தம் கேட்டா அவியளுக்கு ஆவாதுப்பா. வேற ஒண்ணுமில்ல."

"அப்ப வேண்டாம்னா விட்டிருதேன்."

"நீங்க பாட்டுக்குச் செய்யுங்க. எந்திரிக்கதுக்கு முன்னாலயே முடிச்சிருங்க. அவ்வளவுதான்."

மார்ச் 13, வியாழன்

கோமு கடையிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் வாங்கி வந்தாள். வாளிச் சத்தம் இல்லை. இனி மூலைகளையும் நன்றாகக் கழுவலாம். குறிப்பாகத் தென்மேற்குத் தூணின் அடியில் புழுதி அதிகம்.

மார்ச் 20, வியாழன்

கோமு வேலை செய்யும் அறையில் பகலிலும் விளக்கு எரிகிறது. கணினியில் மொழிபெயர்ப்பு வேலை. ஜன்னல் ஒன்று, என் தோள் அகலம், வெளியே தடித்த இரும்புக் கம்பி. சுவரின் கனம் ஒரு முழத்துக்கு மேல். ஜன்னலை அகலப்படுத்தலாமே என்றேன்.

"நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கோம். பழைய வீடு, ஒரு கல்ல அசைக்கக் கூடாதாம். ஆணி அடிக்கணும்னாக்கூட ஒரு ஆள் வந்து பாக்கணும்."

"நல்லதுதானே. இல்லன்னா எல்லாரும் இடிச்சிருவாங்க."

அவள் கணினிப் பக்கம் திரும்பினாள். "ஆமாப்பா, நல்லதுதான். வீட்டுக்கு."

மார்ச் 30, ஞாயிறு

மாடியிலிருந்து ஒரு கூடை கயிற்றில் இறங்கியது. உள்ளே இரண்டு பிஸ்கட், காலிப் பாட்டில். அண்ணாந்து பார்த்தேன். சம்பந்தியம்மா பாட்டிலைக் காட்டி "ஆகுவா" என்றார்கள். நிரப்பி வைத்தேன். கூடை ஏறியது. மறுபடி பிஸ்கட்டைக் காட்டிக் கத்தினார்கள்; அது எனக்காம், நான் எடுக்காமல் அனுப்பிவிட்டேன். கூடை மறுபடி இறங்கியது.

கோமு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா ஏன் என்னைப் பாத்தா சுவரைப் பாக்காரு, சுவர் என்னைவிட அழகாவா இருக்குன்னு கேக்காவ."

பிஸ்கட்டைத் தின்றேன். எலுமிச்சை வாசம்.

ஏப்ரல் 3, வியாழன்

கழுவல். கூடை. இன்று கற்ற சொற்கள்: ரொட்டி, சாவி, நாளை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கோமு பாயசம் வைத்தாள். முதல் தடவையாக நானே மாடிக்குக் கொண்டு போனேன். சம்பந்தியம்மா எழுந்து நின்று வாங்கினார்கள். உட்காரச் சொன்னார்கள். கட்டிலுக்கு நேர் மேலே பெரிய மர உத்திரம், கீழே அந்தத் தென்மேற்குத் தூண்.

வெளியே வரும்போது கதவு சாத்தவில்லை. தரையில் உரசி நின்றது. அவர்கள் கைத்தடியால் ஒரு குத்துக் குத்திச் சாத்தினார்கள். கதவுநிலையின் மூலையிலிருந்து மேல்நோக்கி மயிரிழைபோல் ஒரு விரிசல். பென்சிலால் அதன் நுனியில் ஒரு கோடு போட்டுவைத்தேன். அவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். வாத்தியார் புத்தி என்று நினைத்திருக்கலாம்.

ஏப்ரல் 21, திங்கள்

விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. நான் கோட்டைத் தவறான இடத்தில் போட்டிருக்கலாம்.

ஏப்ரல் 26, சனி

தவறான இடத்தில் போடவில்லை. பேருந்துச் சீட்டு விரிசலுக்குள் நுழைகிறது. அந்த்ரேஸிடம் காட்டினேன். நெற்றியைத் தடவிக்கொண்டார். நகராட்சியில் பழைய கட்டடங்களைப் பார்க்கும் பொறியாளருக்குத் தொலைபேசி செய்தார்.

மே 6, செவ்வாய்

பொறியாளர் வந்தார். இனெஸ் என்ற பெண், ஐம்பது வயது இருக்கும், சூயிங்கம் மென்றுகொண்டே இருந்தார். தூணின் பின்னாலிருந்த சுவரில் சுண்ணாம்புப் பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தார். உள்ளே கல் இல்லை. மண். வைக்கோல் கலந்து இடித்துக் கெட்டித்த மண். இத்தனை நாள் கல் வீடு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தெருவுக்குக் காட்டும் முகம் மட்டும்தான் கல்.

"இந்த ஊர்ல எல்லா மாளிகையும் இப்படித்தாம்ப்பா" என்றாள் கோமு. "காய்ஞ்சு இருக்கிறவரைக்கும் ஆயிரம் வருஷம் நிக்குமாம்."

இனெஸ் விரிசலின் குறுக்கே ஜிப்சம் குழைத்து ஒரு பட்டை அப்பி, அதில் தேதி கீறினார். அதற்கு இங்கே சாட்சி என்று பெயராம். வீடு அசைந்தால் பட்டை உடையும். பிறகு கோமுவிடம் ஏதோ கேட்டார். அதில் 'ஆகுவா' என்ற சொல் இருந்தது. கோமு தலையசைத்து "நோ" என்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை.

மே 7, புதன்

நுண்புழை ஏற்றம். பதினோராம் வகுப்புப் பாடம். மையொற்றும் தாளின் நுனியை நீரில் தொட்டால் ஈரம் தானாக மேலே ஏறும். எல்லாப் பையன்களும் வாய் பிளந்து பார்ப்பார்கள். முப்பத்து நாலு வருடம் செய்து காட்டினேன். இன்று ஏன் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

மே 8, வியாழன்

இன்று முற்றம் கழுவவில்லை. முழங்கால் வலி.

மே 9, வெள்ளி

இன்றும் கழுவவில்லை. வலி இல்லை.

மே 13, செவ்வாய்

விடிந்து முற்றத்துக்குப் போனால் தரை ஈரமாக இருந்தது. தூணின் அடியில் கற்கள் கறுத்துப் பளபளத்தன. ரப்பர் குழாய் ஆணியில் மாட்டியிருந்தது, ஆனால் நான் சுற்றும் விதத்தில் இல்லை. எனக்கு முடியவில்லை என்று நினைத்துக் கோமு என் வேலையைச் செய்திருக்கிறாள். பொறுப்பான பெண்.

மே 14, புதன்

ஈரம்.

மே 15, வியாழன்

ஈரம். சாட்சிப் பட்டை நடுவில் இரண்டாகிவிட்டது.

கோமு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"நாம பேசாம அந்தத் தண்ணிய நிப்பாட்டிருவோமா?"

கத்தி நிற்கவில்லை. "ஏம்ப்பா?"

"இல்ல... மண் சுவரு. எனக்கு என்னமோ..."

"நீங்க இஞ்சினியராப்பா?"

"இல்ல. அதனாலதான் உங்கிட்ட கேக்கேன்."

அவள் கத்தியை வைத்தாள். "எட்டு வருஷம் பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கிட்டு ஒரு ரூமுக்குள்ள உக்காந்து பாருங்க, அப்பம் தெரியும். வேற வீட்டுக்குப் போவோம்னு அவர்ட்ட சொன்னா, 'அம்மா இருக்கிறவரைக்கும்'ங்காரு. அம்மாட்ட சொன்னா, 'வீடு இருக்கிறவரைக்கும்'ங்காவ. வீடு நானூறு வருஷமா இருக்குப்பா."

"அவிய படுக்கை நேர் மேல இருக்கு கோமு."

"அதெல்லாம் விழாது. விழுறதுக்கு முன்னாலயே காலி பண்ணச் சொல்லிருவாங்க. கன்னியாஸ்திரிங்க நடத்துற முதியோர் இல்லம் இருக்கு, நல்ல இடம். வெயில் வரும்."

"எல்லாம் விசாரிச்ச மாதிரி சொல்லுத."

வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மே 18, ஞாயிறு

குழாயைக் கழற்றி என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்ப மாட்டிவிட்டேன். மகள் வீட்டுப் பொருளை எடுத்து வைத்துக்கொள்ள நான் யார்?

இன்று முழுவதும் வாயில் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு திரிகிறேன். மூன்று வழிகளில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் இந்த வீட்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள், அல்லது யாரோ ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார்கள். பேசாமல் இருந்தால் கோமுவுக்கு வெயில் கிடைக்கும். சம்பந்தியம்மாவுக்கும் வெயில் கிடைக்கும், கேட்காமலே. பேசினால் கோமு மறுபடி அந்த ஜன்னலுக்குள்.

கூடை இறங்கியது. தலைவலி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அடுத்த தடவை கூடையில் ஒரு மாத்திரை வந்தது.

மே 23, வெள்ளி

சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுகிறேன்.

பகலில் இனெஸ் வந்தார். அந்த்ரேஸ் விடுப்பு எடுத்து வந்திருந்தார். சம்பந்தியம்மா மாடிநடையில் நாற்காலி போட்டு, நல்ல கறுப்பு உடை உடுத்தி, எங்கள் தலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இனெஸ் உடைந்த பட்டையைப் பார்த்தார், தூணின் அடியில் மட்டப்பலகையை வைத்துப் பார்த்தார், சூயிங்கத்தைக் காகிதத்தில் துப்பிவிட்டுப் பேசினார். கோமு என் காதருகே: "வீடு வயசாகித் தளந்துட்டாம். ஒரு வாரத்துல எல்லாரும் காலி பண்ணணும். அவியள இல்லத்துக்குக் கொண்டு போகணும்."

மேலேயிருந்து சம்பந்தியம்மா பேசினார்கள். கத்தவில்லை. அந்த்ரேஸ் தலை குனிந்தார்.

"என்ன சொல்லுதாவ?"

கோமு அந்த்ரேஸைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். "நான் கல்யாணமாகி வந்தன்னைக்குப் பெரிய கதவத் தொறந்தாங்க. எம் புருஷனத் தூக்கிட்டுப் போனன்னைக்குத் தொறந்தாங்க. இனி எனக்காக ஒரு தடவ தொறக்கணும். அதுவரைக்கும் நான் சின்னக் கதவு வழியா ஓட மாட்டேன்னு."

கோமு பக்கம் திரும்பினேன். "கோமு, நான் சொல்லுதத இனெஸ்கிட்ட சொல்லு. வீட்டுக்கு வயசாகல. தண்ணி போயிருக்கு. வந்த நாள்லருந்து நான் தெனமும் ஊத்துனேன்."

கோமு என்னைப் பார்த்தாள். பிறகு இனெஸைப் பார்த்துப் பேசினாள், நிறையவே பேசினாள். இனெஸ் இரக்கத்தோடு என் தோளைத் தட்டினார். கோமு பேசியதில் நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

எனக்குத் தெரிந்த சொற்களை எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களுக்குச் சற்று மேலே. தூணின் அடியைக் காட்டினேன். "ஆகுவா" என்றேன். என் நெஞ்சைத் தொட்டு, "யோ" என்றேன். நான். யாருக்கும் விளங்கவில்லையோ என்று, இல்லாத குழாயைக் கையில் பிடித்து அங்குமிங்கும் ஆட்டிக் காட்டினேன். எழுபத்து மூன்று வயதில், வேட்டியோடு, அந்நியர்கள் முன்னால்.

இனெஸ் மண்டியிட்டார். ஒரு குழாங்கல்லை நெம்பி எடுத்து அடியில் விரலை விட்டார். விரல் சேற்றோடு வந்தது.

"தெனமுமான்னு கேக்கா" என்றாள் கோமு. குரலில் உயிரே இல்லை.

"தெனமும்."

"யாரு சொல்லின்னு கேக்கா."

"யாரும் சொல்லல. எங்க ஊர்ப் பழக்கம். நான் மட்டுந்தான். வேற யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு."

இதை அவள் அப்படியே சொன்னாள் என்று நினைக்கிறேன். அந்த்ரேஸ் முகம் சிவந்து என்னிடம் ஏதோ சொன்னார். அதைக் கோமு மொழிபெயர்க்கவில்லை.

மே 26, திங்கள்

காரணம் தெரிந்துவிட்டதால் வீட்டைக் காலி செய்ய வேண்டாமாம். தூணுக்கு இரும்பு முட்டு. கற்களைப் பெயர்த்து மண்ணை உலரவிட வேண்டும். சம்பந்தியம்மாவின் கட்டிலை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றிவிட்டார்கள். நான் ஒரு தலையணையைச் சுமந்தேன்.

அவர்கள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, கூட்டத்துக்குச் சொல்வதுபோல் ஒன்று சொன்னார்கள். முட்டுக் கொடுத்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோமுவை மொழிபெயர்க்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவளாகவே, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "இருநூறு வருஷத்துக்கு முன்னால பிரெஞ்சுப் பட்டாளம் வந்து இடிக்க முடியாத வீட்ட, ஒரு வாத்தியாரு ரெண்டு மாசத்துல இடிக்கப் பாத்தாராம்."

மே 28, புதன்

குழம்பில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

மே 30, வெள்ளி

கோமு பேசினாள்.

"நீங்க யாருக்குப்பா அப்பா?"

நல்ல கேள்விகளுக்கு நான் எப்போதும் மறுநாள்தான் பதில் சொல்வேன்; பையன்களுக்கே தெரியும்.

ஜூன் 1, ஞாயிறு

மறுநாள் அல்ல, இரண்டு நாள் ஆயிற்று. அந்த்ரேஸ் மாடியில் அம்மாவோடு இருந்தார். கோமு துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு துண்டை எடுத்து மடித்தேன்.

"நீ அவர்கூட மத்ரீத் போயிரு. வீடு இருக்கிறவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காத. சம்பந்தியம்மாவ நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு ஒரு வார்த்த தெரியாது. அவிய விழுந்து கெடந்தா யாரக் கூப்பிடுவீய? எந்த நம்பரு? என்னன்னு சொல்லுவீய? செவிலி மூணு பேர அழவெச்சு அனுப்புனவிய. உங்களால முடியாதுப்பா."

"எனக்கும் அதே சந்தேகந்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. முடியுதான்னு பாக்கணும்லா. பகல்ல துணைக்கு ஒரு அம்மாவ வச்சுக்கிடலாம். நீ போ."

"நீங்க வெளியவே போக மாட்டீய. ரொட்டிக் கடைக்குக்கூட என் பின்னாலதான் வருவீய. இந்த நாலு சுவருக்குள்ளயே..."

"பாளையங்கோட்டைலயும் நாலு சுவருதான்."

அவள் ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுத்த துண்டை எடுத்தேன்.

ஜூன் 4, புதன்

அந்த்ரேஸ் ஒத்துக்கொண்டார். என் விசாவை நீட்டிக்க அவரே மனுப் போட்டிருக்கிறார். சம்பந்தியம்மாவிடம் கேட்டதற்கு, என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்களாம், 'இவர் அழமாட்டார்' என்றார்களாம். அவர்களுக்கு என்ன தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

நாலு மணிக்குக் கார் வந்தது. கோமு குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கான குழம்பு வைத்திருக்கிறாள். மருந்து எது எப்போது என்று சுவரில் ஒட்டியிருக்கிறாள். மத்ரீத் வீட்டின் புகைப்படத்தைக் கைபேசியில் காட்டினாள். மூன்றாவது மாடி, சாதாரணக் கட்டடம், ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி ஜன்னல். எதிரே பேருந்து நிறுத்தம். "பாருங்க, பஸ்ஸுல ஏறுறவங்க மூஞ்சிகூடத் தெரியுது" என்றாள், சின்னப் பிள்ளைபோல்.

வாசல்வரை போனேன். அவள் குனிந்து சிறு கதவைத் தாண்டினாள். தாண்டியபின் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தாள். வெளி வெயிலில் நின்ற அவள் கண்ணுக்கு இந்த இருட்டில் நான் தெரிந்திருக்க மாட்டேன். ஆனாலும் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன்.

தாழ்ப்பாள் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. நடையைத் திரும்பி முற்றத்துக்கு வந்தேன். வீடு இத்தனை பெரியது என்று அதுவரை எனக்குத் தெரியாது. எந்த நாற்காலியில் உட்காருவது என்றுகூடத் தீர்மானிக்க முடியவில்லை, நின்றுகொண்டிருந்தேன்.

மாடிநடையிலிருந்து சம்பந்தியம்மா ஏதோ கேட்டார்கள். நீளமான கேள்வி. ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுவரைப் பார்க்காமல் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தேன்.

"ஸீ" என்றேன். ஆமாம்.

என்னத்துக்குச் சம்மதித்தேன் என்று நாளைக்குத் தெரியும்.